தக்காளி இல்லாத கடையைத் தேடுங்கள்

பிரான்ஸுக்குப் போய்வந்தவர்களிடம் அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. பதில் தெரியும். ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு குரோசான். மற்ற வேளைக்கெல்லாம் டூர்க்காரர்கள் கூட்டிப்போன இடத்தில் ரொட்டியும் பனீர் பட்டர் மசாலாவும். கையில் காசு உள்ளவர்கள் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய உணவகத்தில் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து, தட்டுக்குத் தட்டு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். போகாதவர்கள் சொல்லும் காரணங்களும் எனக்கு மனப்பாடம். எல்லாம் மாடும் பன்றியும், எதிலும் ஒயின், காரமே கிடையாது, விலை கட்டுப்படியாகாது, மொழி தெரியாது. இவ்வளவு ருசியான நாட்டை இத்தனை பேர் இப்படிக் கோட்டைவிடுவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதிலிருந்து தூக்கிப் போடுங்கள். பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் உணவகச் சாப்பாடு என்ற நினைப்பு. 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது எந்த நட்சத்திரச் சமையல்காரரின் கைவண்ணத்தையும் அல்ல. பிறந்தநாள், கல்யாணம் என்று குடும்பமும் நண்பர்களும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் விருந்தைத்தான். நல்ல பொருளாக, முடிந்தவரை உள்ளூரில் விளைந்ததாகப் பார்த்து வாங்குவதும் அந்த மரபின் ஓர் அங்கம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். மிஷ்லின் கையேடு 1900இல் ஒரு டயர் கம்பெனி கார் ஓட்டுபவர்களுக்காக அச்சடித்தது. நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது 1926இல். அந்த நட்சத்திரங்களைக் குவித்தவர்களிலேயே தலையாயவர், லியோன் நகரத்து ஒயிஜெனி பிராசியே, பண்ணையில் வளர்ந்து, வசதியான ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்து சமையல் கற்றவர். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. ஆணிவேர் வீட்டு அடுப்பில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் உணவகப் பட்டியல் மட்டும் போடுகிற பயணக் கட்டுரையாளர்கள் பாதி பிரான்ஸை மறைத்துவிடுகிறார்கள்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டல் வேண்டாம், அடுப்பு உள்ள வீடு ஒன்றை வாடகைக்கு எடுங்கள். பாரிஸில் நாட்களைக் குறைத்து, சின்ன ஊர் ஒன்றில் ஒரு வாரமாவது தங்குங்கள். அந்த ஊர்ச் சந்தை எந்தக் கிழமை என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் காலையில் கூடி மதியம் ஒரு மணிக்குள் கலைந்துவிடும். திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது. யாரிடம் எதைக் கேட்பதற்கு முன்னும் "பொன்ஜூர்" சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பழத்தைத் தொட்டு அமுக்கிப் பார்க்காதீர்கள், கடைக்காரர் எடுத்துத் தருவார். துணிப்பை ஒன்று, சின்னக் கத்தி ஒன்று. தொடங்க இவ்வளவு போதும்.

பருவங்களும் அப்படித்தான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஏப்ரலில் அல்சாஸிலும் லாந்திலும் வெள்ளை அஸ்பாரகஸ். ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அறுவடையை நிறுத்துவது மரபு. வசந்தத்தில் கரிகெத் என்ற நீள ஸ்ட்ராபெரி, கோடையில் மாரா தெ புவா என்ற காட்டுமணம் வீசும் ஸ்ட்ராபெரி. மே, ஜூனில் செர்ரி. ஜூலை, ஆகஸ்டில் தக்காளி, கத்தரி, ஆப்ரிகாட், கவையோன் ஊர் முலாம்பழம். நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் துமா 1864இல் தன் புத்தகங்களை அந்த ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆயுள் முழுக்க வருடம் பன்னிரண்டு முலாம்பழம் வாங்கிக்கொண்டார், நியாயமான பேரம். இலையுதிர் காலத்தில் காளான், வால்நட், பூசணி. ஸ்கேலப் என்ற சிப்பியை அக்டோபர் 1 முதல் மே 15 வரைதான் பிடிக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. குளிர்காலத்தில் லீக், கோஸ், எண்டிவ், கறுப்பு ட்ரஃபிள். ட்ரஃபிள் எண்ணெய் என்று குப்பியில் விற்பதைத் திரும்பியும் பார்க்காதீர்கள். அதில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனைதான். அதைத் தெளித்த உருளைக்கிழங்கு வறுவலைப் புகழ்ந்து எழுதும் ஆட்களின் நாக்கை நான் நம்புவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுச் சந்தையில் இரண்டு வகைக் கடைகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று, விளைவித்தவரே கொண்டுவந்து விற்பது. இன்னொன்று, மொத்தச் சந்தையில் வாங்கி வந்து விற்பது. நம் ஊரில் உழவர் சந்தை தனி, மார்க்கெட் தனி. அங்கே இரண்டும் ஒரே வரிசையில், ஒரே மாதிரிப் பந்தலின்கீழ் கலந்து நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அன்றுதான் பிரெஞ்சுச் சாப்பாடு உங்களுக்குப் பிடிபடும். மற்ற எதையும் மறந்துவிடுங்கள், இதை மறக்காதீர்கள்.

எப்படிப் பிரிப்பது? ஏப்ரல் மாதம் ஒரு சந்தைக்குள் நுழைகிறீர்கள். முதல் கடையில் தக்காளி, குடைமிளகாய், எலுமிச்சை, வாழைப்பழம், அவகாடோ, ஸ்ட்ராபெரி என்று வானவில்லாக அடுக்கியிருக்கும். படம் எடுக்கக் கை பரபரக்கும். நில்லாமல் நடங்கள். வாழைப்பழம் இருக்கும் கடையில் நிற்பவர் எதையும் விளைவித்தவர் அல்ல; அந்தப் பழம் மார்த்தினிக்கிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ கப்பலில் வந்தது. விலைச் சீட்டைப் படியுங்கள். எந்த நாட்டில் விளைந்தது என்று காய்க்குக் காய் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே மேசையில் ஸ்பெயின், மொராக்கோ, பிரான்ஸ் மூன்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். "பிரான்ஸ்" என்று மட்டும் இருந்தாலும் ஏமாறாதீர்கள். பிரிட்டனி பகுதியில் சூடேற்றிய கண்ணாடிக் கூடங்களில் விளையும் தக்காளி மார்ச் மாதமே கொத்துக் கொத்தாக வந்துவிடும். பிரெஞ்சுத் தக்காளிதான், ஆனால் பருவத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இன்னும் உள்ளே போங்கள். மூலையில் ஒரு மேசை. அதன்மேல் ஐந்தாறு பொருள் மட்டும்: இலையோடு முள்ளங்கி, கீரை, கடைசி லீக், ஒரு கூடை முட்டை, அன்று காலை பறித்த அஸ்பாரகஸ். அஸ்பாரகஸ் ஒன்று விரல் தடிமன், இன்னொன்று பென்சில் தடிமன். முள்ளங்கியில் மண். பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி, பழசாகி நிறம் வெளுத்த பிளாஸ்டிக். வாங்கி விற்பவரின் பெட்டிகளிலோ பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு கம்பெனிப் பெயர் அச்சிட்டிருக்கும். அந்த மேசைக்கு முன்னால் சக்கர வண்டிப் பைகளோடு உள்ளூர்ப் பாட்டிமார்கள் வரிசையில் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். பதினோரு மணிக்கு மேசை காலியாகிவிடும்.

அலங்காரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் பயணிகள் கூட்டமாக விழுகிறார்கள். கட்டம்போட்ட துணி, பிரம்புக் கூடை, சாக்குக்கட்டியால் எழுதிய கறுப்புப் பலகை எல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைப்பவை. தெற்கே ப்ரொவான்ஸில் கோடைச் சந்தைகள் பலவற்றில் லாவெண்டர் பைகளும், ஆலிவ் மரக் கரண்டிகளும், இருபது சுவையில் குவித்துவைத்த காய்ந்த சாசேஜும்தான் முன்வரிசை. "கிராமத்து அசல் சந்தை" என்று அவற்றைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம் போடுகின்றன. மேம்போக்கான எழுத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சந்தேகம் தீரவில்லையென்றால் கேளுங்கள்: "நீங்களே விளைவித்ததா?" விளைவித்தவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்வார். அடுத்த வாரம் என்ன வரும் என்று கேளுங்கள். பட்டாணி இன்னும் பத்து நாள் ஆகும், இரவெல்லாம் குளிர் விடவில்லை என்று பதில் வரும். முலாம்பழம் கேட்டால் "இன்றைக்கா, நாளைக்கா, எந்த வேளைக்கு?" என்று திருப்பிக் கேட்பார். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்ப்பார், அடிப்பக்கத்தை முகர்வார், காம்பைச் சுற்றி மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார். வெடிப்பு விட்டிருந்தால் இன்று மதியத்துக்கு, காம்பு இறுகப் பிடித்திருந்தால் இரண்டு நாள் கழித்து. நல்ல சீஸ் கடையிலும் கமாம்பேர் வாங்கினால் இதே கேள்விதான். எந்த வேளை பசிக்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டு விற்பவரைப் பார்த்துவிட்டால் விடாதீர்கள்.

வாங்கி விற்பவர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. பாரிஸ் நகரத்தின் வயிறு என்று பெயர் வாங்கிய லெ ஆல் மொத்தச் சந்தை 1969இல் ரன்ஜிஸுக்கு இடம் மாறியது. அந்த ரன்ஜிஸ் இல்லாவிட்டால் தலைநகரம் பட்டினி கிடக்கும். அவர்கள் செய்வது நேர்மையான வியாபாரம். ஆனால் அவர்கள் கடை ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் ஒரே மாதிரி இருக்கும். லாரியில் தாங்க வேண்டும் என்பதற்காகக் கெட்டியாகப் பறித்த பழம் அது. கரிகெத் ஸ்ட்ராபெரி அடுத்த நாளே கசங்கிவிடும் ரகம். பழுத்துப் பறித்து அன்றே சாப்பிட்டால் இருக்கும் புளிப்பும் இனிப்பும் மூன்று நாள் பயணத்தில் போய்விடுகிறது. பருவத்தைத் தேடித்தானே அவ்வளவு தூரம் போகிறீர்கள்? பருவம் தெரிவது அந்த மூலை மேசையில் மட்டும்தான்.

இந்தத் துப்பறிதல் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அவிஞோன் பக்கத்தில் வெலெரோன் என்ற சிற்றூரில் விவசாயிகள் மட்டுமே விற்கும் சந்தை. கோடையில் மாலை ஆறு மணிக்குத் திறக்கும், அன்று பறித்ததுதான் வரும். வேளாண் சபைகள் நடத்தும் "மார்ஷே தெ ப்ரொத்யுக்தர் தெ பேய்" என்ற பெயர்ப்பலகை உள்ள சந்தைகளிலும் வாங்கி விற்பவருக்கு இடமில்லை. தென்மேற்கில் கோடை இரவுகளில் அங்கேயே நீள மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். பெரிய நகரத்தில்தான் தங்குவீர்கள் என்றால் ரென் நகரத்து லீஸ் சதுக்கத்துச் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய், மேலே சொன்னபடி பிரித்துப் பழகுங்கள். இரண்டு வகையும் அங்கே ஏராளம்.

இதே பிரிவினை சீஸிலும் இருக்கிறது. ஓவேர்ன் மலைப் பகுதியில் சான்-நெக்தேர் என்ற சீஸ். சாம்பல் தோல், உள்ளே மஞ்சள் வெண்ணெய் நிறம், நிலவறையின் ஈர வாசனை. தோலின்மேல் பச்சை நிறத்தில் ஒரு சிறு வில்லை ஒட்டியிருக்கும். வில்லை நீள்வட்டமாக இருந்தால் பண்ணையிலேயே, தன் மாடுகளின் பாலைக் காய்ச்சாமல், கறந்த கையோடு செய்தது. சதுரமாக இருந்தால் பல பண்ணைப் பாலைச் சேர்த்து ஆலையில் செய்தது. பெயர் ஒன்று, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ருசியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சீஸுக்கும் பருவம் உண்டு. அதே மலையின் சலேர் சீஸை ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை, மாடுகள் புல் மேயும் காலத்தில் மட்டுமே செய்யலாம். ஆடுகள் குளிர்காலக் கடைசியில் குட்டி போட்டு, வசந்தத்தில் இளம்புல் மேயும்போது ஆட்டுப்பால் சீஸ் உச்சத்தில் இருக்கும். ஆகவே டிசம்பரில் போய் ஆட்டுப்பால் சீஸ் சுமார்தான் என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

சைவர்களுக்கு ஒரு தகவல், மறைப்பது நியாயமில்லை. இந்த மரபுச் சீஸ்களில் பெரும்பாலானவற்றைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். அது ஆகாது என்பவர்கள் சீஸை விட்டுவிடலாம், காய்கறியே போதும். உணவகத்தில் சைவருக்குக் கிடைக்காத பிரான்ஸ் வாடகைச் சமையலறையில் கிடைக்கும், அதனால்தான் அடுப்புள்ள வீடு என்று அடித்துச் சொன்னேன். காரம் வேண்டுமா, பாஸ்க் நாட்டு எஸ்பெலெத்துக்குப் போங்கள். இலையுதிர் காலத்தில் வீட்டுச் சுவரெல்லாம் மிளகாய்ச் சரம் தொங்கும் ஊர். 2000இலிருந்து ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு பெற்ற மிளகாய். நம் நாக்குக்கு உறைக்காது, மணத்துக்காக வாங்குங்கள்.

சமைப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. வெள்ளை அஸ்பாரகஸை நுனிக்குச் சற்றுக் கீழே பிடித்து அடிவரை தோல் சீவுங்கள், தயங்காமல் ஆழமாகவே சீவுங்கள்; நார் தங்கினால் வாயில் சக்கையாகும். உப்புத் தண்ணீரில் வேகவிட்டு, அடித்தண்டில் கத்தி முனை வழுக்கிக்கொண்டு இறங்கியதும் எடுத்துத் துணிமேல் பரப்புங்கள். ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு எண்ணெய், ஒரு கரண்டி கடுகு விழுது, உப்பு. அடித்துக் கலக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மேலே ஊற்றுங்கள். குளிர்காலத்தில் லீக்குக்கும் இதே கலவைதான்.

ஆகஸ்டில் தெற்கே இருந்தால் பிஸ்து சூப். தோல் உரித்த பச்சை மொச்சை மாதிரியான புது பீன்ஸ் விதை, பீன்ஸ், சுக்கினி, உருளை, தக்காளி, கடைசியில் சின்னப் பாஸ்தா. தனியாக உரலில் பூண்டு, பேசில் இலை, ஆலிவ் எண்ணெய் அரைத்து, அடுப்பை அணைத்த பிறகு கலக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பேசிலின் பச்சை வாசனை போய்விடும். காய் குழைய வேண்டும். பாதி வெந்த காயை "கரகரப்பு" என்று கொண்டாடும் இன்றைய சமையல் நிகழ்ச்சிகளின் மோஸ்தர் இந்த சூப்பில் செல்லாது.

ரத்தத்தூய் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2007இல் வந்த கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டுக் காய்களை நாணயம் நாணயமாக நறுக்கி வட்டமாக அடுக்குகிறார்கள். அது மிஷெல் கெரார் என்ற சமையல்காரர் 1970களில் உருவாக்கியதை ஓர் அமெரிக்கச் சமையல்காரர் படத்துக்காக மாற்றித் தந்த தட்டு. பார்க்க அழகு, வீட்டுச் சமையல் அல்ல. வீட்டில் கத்தரி, சுக்கினி, குடைமிளகாய் மூன்றையும் துண்டு போட்டுத் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்கி, வெங்காயம், தக்காளி, பூண்டோடு ஒன்றுசேர்த்துச் சிறு தீயில் விடுவார்கள். ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் எல்லாம் ஒரே ருசியாகிவிடும். மறுநாள் ஆறியதைச் சாப்பிடுங்கள், அப்போதுதான் சேர்ந்திருக்கும்.

தொட்டுக்கொள்ள ரொட்டி. சாதாரண பகெத் கேட்காதீர்கள், "த்ரதிஸியோன்" என்று கேளுங்கள். 1993 அரசாணைப்படி அதில் சேர்மானப் பொடிகள் கிடையாது, மாவை உறைய வைக்கவும் கூடாது. 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் தர்சன் செல்வராஜா, இலங்கையிலிருந்து போன தமிழர். ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருடம் ரொட்டி கொடுக்கும் உரிமை அந்தப் பரிசோடு வருவது. பிரெஞ்சு ரொட்டி நமக்குச் சரிவராது என்பவர்கள் அவர் கடைக்குப் போய்விட்டு வந்து என்னோடு பேசட்டும்.

எப்போது போகலாம் என்றுதானே அடுத்த கேள்வி? எல்லோரும் ஜூலை என்பார்கள், லாவெண்டர் பூக்குமாம். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், செப்டம்பரில் போங்கள். பள்ளி திறந்து கூட்டம் கலைந்திருக்கும், வீட்டு வாடகை இறங்கியிருக்கும். தக்காளி இன்னும் இருக்கும், முதல் காளான் வந்திருக்கும். முதல் வாரம் லொரேன் பகுதியில், மெஸ் நகரத்துப் பக்கம் இருங்கள். மிராபெல் என்ற மஞ்சள் பிளம், கோலிக்குண்டு அளவு, ஆகஸ்ட் நடுவிலிருந்து ஆறு வாரம்தான். மேனியில் சிவப்புப் புள்ளி விழுந்ததாகக் கேட்டு வாங்குங்கள், வெயில் பட்டுப் பழுத்தது அதுதான். கொட்டையை எடுத்துவிட்டு, மாவுத்தட்டில் வெட்டுவாய் மேலாக நெருக்கி அடுக்கிச் சுட்டால் அந்த வட்டாரத்து வீட்டுத் தார்த் தயார்.

பிறகு தெற்கே ஜூரா மலைக்கு இறங்குங்கள். செப்டம்பர் 10 முதல் மோன்தோர் சீஸ் விற்பனைக்கு வரும், அதற்கு முன்னால் விற்கக் கூடாது. ஊசியிலை மரப்பட்டை சுற்றி, மெல்லிய மரப்பெட்டியில் தளதளவென்று இருக்கும். பெட்டியை அப்படியே அலுமினியத் தாளில் சுற்றி, சீஸின் நடுவில் குழி பறித்து, இரண்டு பல் பூண்டு செருகி, கொஞ்சம் வெள்ளை ஒயின் விட்டு, வேண்டாதவர்கள் அதை விட்டுவிட்டு, அரைமணி நேரம் அவனில் வையுங்கள். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து உடைத்து, அதன்மேல் கரண்டியால் அள்ளி ஊற்றிக்கொள்ளுங்கள். சின்னப் பெட்டி என்றால் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.